துணைக்கு ஒரு தெரு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அரைமணி நேரம் ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற டீச்சரிடம் மைக்கைக் கொடுப்பது ஆபத்தான காரியம். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்கள், அனுபவியுங்கள்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் கணக்கெடுப்பு எப்படி, படிவம் எப்படி, எந்தத் தேதிக்குள் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். அந்த விஷயத்தில் அவருக்கு இருக்கும் ஆர்வம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. நான் ஒரே ஒரு தெருவைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள் எனக்குக் கம்பத்தில் வேலை. அதுவரை உயர்நிலைப் பள்ளியில் தவளையை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தவளை, பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு ஸ்கூட்டி, ஒரு ஜோல்னாப்பை, ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் என் அலுவலகம்.

கம்பம் அப்போது சின்ன நகரம். ஆனால் ஒரு தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், அடுத்த தெருவில் கன்னடம், சந்தையில் விலை பேசுவது பாதி மலையாளம். வாசலுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் தமிழ். வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு இது பிடிபடாது. சென்னையிலிருந்து வந்த ஒருவர், இவ்வளவு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தும் ஊரில் உருதுப் பள்ளி இல்லையே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பக்கத்தில் நின்ற வாழைக்காய் வியாபாரி சொன்னார்: "உருதா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து தமிழ்லதான் சார் சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம். இனிமே ஒரு பாஷையைப் படிச்சு என்னைக்குச் சண்டை போடுறது?"

அந்த அதிகாரியைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் நாமும் அதையேதான் செய்கிறோம். ஆளைப் பார்த்ததும் இவர்களுக்கு இதுதான் தேவை என்று முடிவு கட்டிவிட்டு, அதைக் கொடுக்க ஓடுகிறோம்.

நான் சொல்ல வந்த தெரு, மலை ரோடு பிரிகிற பக்கம் இருந்தது. இரண்டே வரிசை. மேல் வரிசையில் முஸ்லிம் ராவுத்தர்களின் வீடுகள். வியாபாரம், திராட்சைத் தோட்டம் என்று ஓரளவு வசதியானவர்கள். கீழ் வரிசையில் மலைக்குப் போகிறவர்கள். அதாவது கேரளத்துப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள். நடுவில் ஒரு லாரி போகிற அகலம். இரண்டு வரிசைக்கும் ஒரே மளிகைக்கடை, ஒரே தண்ணீர்க் குழாய். எதிரே பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வரிசை மற்ற வரிசையின் நிலைப்படியைத் தாண்டியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, தேவை வந்ததில்லை, அவ்வளவுதான்.

விடியுமுன் தெருமுனைக்கு ஜீப் வரும். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் ஒரு கல்யாண வீடே ஏறும். அந்தக் கூட்டத்தில் ஐந்தாவது முடித்த, ஆறாவது பாதியில் நின்ற பெண் பிள்ளைகளும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் அதிகாரி காதுக்குப் போய்விட்டது. அவர் டெல்டா பக்கத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதையும் திங்கட்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்கிற ரகம்.

"வர்ற திங்கட்கிழமை ஜீப்பை மடக்குறோம். போலீஸுக்குச் சொல்லிட்டேன், போட்டோகிராபர் வர்றார். பிள்ளைங்களை இறக்குறோம், அன்னைக்கே ஸ்கூல்ல சேக்குறோம்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை, சார்?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"ஜீப் செவ்வாய்க்கிழமையும் வருமே, சார்."

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. நான் அன்று சாயங்காலமே அந்தத் தெருவுக்குப் போனேன்.

கீழ் வரிசையில் செல்லத்தாயி என்று ஒரு அம்மா. மலையிலிருந்து இறங்கி வந்து, கைகால் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். மகள் பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோரும் சொல்வதையே சொன்னேன். கூலிக்காகப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கலாமா, அரசாங்கம் புத்தகம் தருகிறது, சத்துணவு தருகிறது என்று ஒரு பாட்டம் பாடி முடித்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கூலிக்கா? இவளுக்கு யாரு டீச்சர் கூலி குடுக்குறா? இவ பறிக்கிற காயைவிடத் திங்கிற சோறு சாஸ்தின்னு கங்காணி வையிறாக. இவ பெரிய மனுசி ஆகி ரெண்டு மாசம் ஆகுது. நான் இருட்டோட போறேன், இருட்டோட வாறேன். இவ அப்பன் போய்ச் சேந்துட்டாரு. வீட்டுக் கதவைப் பாருங்க."

பார்த்தேன். கதவு என்று சொல்ல முடியாது. தட்டி.

"ஸ்கூலு ஒம்போது மணிக்கு மேலதானே தொறக்குறீக? அதுவரைக்கும் இவ இங்கன யாரோட இருப்பா? சாயங்காலம் விட்டா, நான் வர்ற வரைக்கும் யாரு பாப்பா? நீங்க இருப்பீகளா?"

விடுதியில் சேர்க்கலாமே என்றேன். "பிள்ளையைக் கண்ணால பாக்காம நான் எதுக்கு மலை ஏறணும்?" என்றாள். எழுந்து அடுத்தடுத்த வாசல்களுக்குப் போனேன். மற்ற வீடுகளிலும் இதே பேச்சுத்தான். படிப்பு வேண்டாம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில் வறுமை என்று எழுதிவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துவிடும். வறுமை இல்லாமலும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றியது வறுமை அல்ல, ஒரு தட்டிக் கதவு.

தொண்டை வறண்டு போய் மேல் வரிசையில் ஆமினா வீட்டுக்குப் போனேன். திராட்சை வியாபாரம் செய்யும் ஒரு ராவுத்தரின் மனைவி ஆமினா. அந்தத் தெருவில் எனக்கு டீ கிடைக்கும் வீடு அது. அவள் மகள் சுலைகா அந்த வருடம் ஒன்பதாவது முடித்தவள், வகுப்பில் முதலிடம். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியும் வீட்டில்தான் இருந்தாள். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஊரின் மறுகோடியில். பெரிய ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போக வேண்டும்.

"கூடப் போய்க்கிட்டு இருந்த பிள்ளைக்கு வைகாசியில கல்யாணம் முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றாள் ஆமினா. "ஒத்தையில அனுப்ப மாட்டேங்கிறாக அவுக அத்தா. படிக்க வேண்டாம்னு அவுக சொல்லல. தொணைக்கு ஆள் இல்ல."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தேன். எதிர் வரிசையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு வீடு இல்லை. இந்த வரிசையில் பள்ளிக்குப் போகத் துணைக்குப் பிள்ளைகள் இல்லை. நடுவே ஒரு லாரி அகலம்.

எதிர்த்த வரிசையில் கேட்டதை ஆமினாவிடம் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. யோசனையை நான் எடுத்துக் கொடுத்திருந்தால் அது அரசாங்க யோசனை ஆகியிருக்கும். அவள் எழுந்து ஜன்னல் வழியாக எதிர் வரிசையைப் பார்த்தாள்.

"நான் சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கும்போது அந்தப் பிள்ளைக ஜீப்புல ஏறுங்க. தூங்கிக்கிட்டே ஏறும் டீச்சர். ஒண்ணு ஒரு நாளு கீழ விழுந்து எந்திரிச்சது." பிறகு சொன்னாள்: "இங்கன விட்டுட்டுப் போகச் சொல்லுங்க. நம்ம வீட்டு நடையில படுத்துத் தூங்கட்டும். விடிஞ்சதும் எம்மகளோட சேந்து போகட்டும். சாயங்காலமும் இங்கனயே இருக்கட்டும்."

"ராவுத்தர்?"

"அதை நீங்க வந்து பேசுங்க" என்று நைசாக என் தலையில் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. செல்லத்தாயியை அழைத்துக்கொண்டு போனேன். எத்தனையோ வருடமாக அதே தெருவில் இருப்பவள், ஆமினா வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வாங்க" என்று ஆமினா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகு வந்து சுவரோரமாக நின்றாள். ராவுத்தர் நாற்காலியில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

முதலில் சாப்பாட்டுப் பேச்சு வந்தது. "சோறு நீங்களே கட்டிக் குடுத்திருங்க. தண்ணி மட்டும் எங்க வீட்டுது" என்றாள் ஆமினா. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று செல்லத்தாயி இழுத்தாள். "தாகம் எடுத்தா குடிக்கட்டும், எடுக்காட்டி இருக்கட்டும்" என்று ஆமினா அந்தப் பிரச்சினையை ஒரு வரியில் முடித்தாள்.

ராவுத்தர் கேட்ட கேள்விதான் கனமானது. "வயசுப் பிள்ளைக. எங்க வீட்டுல இருக்கையில ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? டீச்சர் சொல்வீகளா?"

பிள்ளைகளே, இந்த மாதிரிக் கேள்விக்கு 'நான் இருக்கிறேன்' என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். நான் சொன்னேன்: "என்னால பதில் சொல்ல முடியாதுங்க. என்னை நாளைக்கே மாத்திருவாங்க. இந்தத் தெருவுல இருக்கப் போறது நீங்க ரெண்டு பேருதான். நீங்களே பேசிக்குங்க."

 செல்லத்தாயி சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"மாமா, எம்மகளுக்கு என்ன ஆனாலும் உங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. உங்க மகளை நடுவழியில விட்டுட்டு எம்மக மட்டும் வீடு வந்து சேந்தான்னா, அன்னைக்கு அவளுக்கு இருக்கு."

ராவுத்தர் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஆத்தா சுலைகா, உன் புத்தகப் பையி எங்கன கெடக்கு?" என்றார்.

அன்றைக்கே செல்லத்தாயி கீழ் வரிசையின் மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லி, பிள்ளைகளின் பழைய சீருடைகளை எடுக்க வைத்தாள். திங்கட்கிழமை விடியற்காலை, மலை ரோட்டு அடிவாரத்தில் எங்கள் அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், போட்டோகிராபர், நான். ஜீப் வந்தது. மடக்கினார்கள். உள்ளே பெண்கள் மட்டும் இருந்தார்கள். பிள்ளை ஒன்றுகூட இல்லை. செல்லத்தாயி என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

"யாரோ முன்கூட்டியே சொல்லிட்டாங்க" என்றார் அதிகாரி, என்னைப் பார்த்து.

"நான்தான் சார் சொன்னேன். வாங்க, காட்டுறேன்."

ஆமினா வீட்டு நடையில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் மடித்து வைத்த சீருடைகள். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே போட்டோகிராபரைக் கூப்பிட்டார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டேன்.

"வேண்டாம் சார்."

"ஏம்மா? நல்ல விஷயம்தானே?"

நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படம் காலைப் பேப்பரில் வந்தால், யார் பிள்ளைகள் யார் வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்று ஊரே படிக்கும். இரண்டு பக்கமும் கருத்துச் சொல்ல ஆள் கிளம்பும். ராவுத்தர் கதவைச் சாத்திவிடுவார். இதை அந்த வாசலில் நின்று உரக்க விளக்க முடியாது. அதிகாரி மெமோ கொடுப்பேன் என்ற சொல்லை மெதுவாக எடுத்தார்.  சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது.

"தூங்குற பிள்ளைங்களை எடுத்தா உங்க முகம் எப்படி சார் தெரியும்? காலையில ஸ்கூல் கேட்டுக்கு வாங்க. சீருடையில, ரெட்டை ஜடையில வருவாங்க. நடுவுல நீங்க நிக்கலாம்."

அவர் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. ஸ்கூல் கேட்டில் அவர் நடுவில் நிற்கும் படம் பேப்பரில் வந்தது. அதிரடி நடவடிக்கை என்று தலைப்பு. ஆமினா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பெயரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள். கதவு திறந்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு மாதங்கள் ஓடின. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஜமாத்தில் ஒருவர் ராவுத்தரிடம் கேட்டார். கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் செல்லத்தாயியிடம் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர், மேடை போட்டு மைக் வைத்து ஒரு நல்லிணக்கக் கூட்டம் நடத்தலாமே என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். தூங்குகிற பிள்ளைகளுக்கு எதற்கு மைக்? எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குப் பக்கத்து ஊரான தேவாரத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், எனக்குத் தெரிந்தபோது பந்தல் பிரித்தாகிவிட்டது. இன்னொருத்தி படிப்புப் பிடிக்கவில்லை என்று மறுபடி ஜீப்பில் ஏறினாள். மற்றவர்கள் சுலைகாவைச் சுற்றிக்கொண்டு, ரோட்டை அடைத்தபடி, சத்தமாகப் பேசிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தார்கள்.

மார்ச் மாதம் வந்தது. சுலைகாவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு இளவட்டக் கூட்டத்துக்கு, வண்டி நிறுத்துகிற விஷயத்தில் கைகலப்பு. சாயங்காலத்துக்குள் அது எங்க ஆளு, உங்க ஆளு என்று மாறிவிட்டது. கடைகளைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் ஜீப் ஓடவில்லை. பரீட்சை மட்டும் தள்ளிவைக்கப்படவில்லை. யாரும் களப்பணிக்குப் போகக் கூடாது என்று எங்களுக்கு போன் வந்தது. ஆமினா வீட்டில் டீ குடிப்பது களப்பணி ஆகாது என்று நானே தீர்மானித்துக்கொண்டு கிளம்பினேன்.

ராவுத்தர் வாசலை மறித்து நாற்காலி போட்டிருந்தார். "போனாப் போகுது டீச்சர். அடுத்த தடவை எழுதிக்கிறலாம். பஸ் ஸ்டாண்டுல என்ன நடக்குதுன்னு தெரியல." சுலைகா சீருடையோடு, தலையில் முக்காடோடு, ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

என் ஸ்கூட்டி வெளியில் நின்றது. பின்னால் உட்கார வைத்துச் சந்து வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடலாம். சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தகப்பன் வேண்டாம் என்கிற பிள்ளையை, அந்த மாதிரி ஒரு நாளில், வேறு மதத்துக்காரி ஒருத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்? வழியில் ஒரு கல் விழுந்தால்? சாவியைப் பைக்குள் போட்டேன். சும்மா இருப்பதும் சில நேரம் வேலைதான். அன்று அது மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. செல்லத்தாயியும் கீழ் வரிசைப் பெண்களும், அவர்கள் பிள்ளைகளும். சின்ன வகுப்புகளுக்கு அன்று பள்ளி இல்லை. வேலைக்கும் வழி இல்லை. செல்லத்தாயி கேட்டில் நிற்கவில்லை, யாரும் கூப்பிடவும் காத்திருக்கவில்லை. நேரே உள்ளே வந்தாள்.

"மாமா, நேரம் ஆச்சு. பிள்ளையை அனுப்புங்க."

"ஊரு கெட்டுக் கெடக்கு தாயி."

"தெரியும். அதுக்குத்தான் இத்தனை பேரு வந்திருக்கோம்."

ராவுத்தர் எழுந்தார். நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினார்.

நடுவில் சுலைகா. சுற்றிலும் பிள்ளைகள். அவர்களைச் சுற்றி, மலைக்குப் போகிற மாதிரிச் சேலையை இழுத்துச் செருகிய பெண்கள். பின்னால் ராவுத்தரும் நானும். பஸ் ஸ்டாண்டில் விடலைகள் கும்பல் கும்பலாக நின்றார்கள். ஒருவன் விசிலடித்தான். செல்லத்தாயி நின்று திரும்பினாள்.

"ஏலே, நீ கருப்பாயி மகன்தானே? உங்க ஆத்தா எங்கன? கூப்பிடட்டுமா?"

அவன் பக்கத்தில் நின்றவன் முதுகுக்குப் பின்னால் போனான். அதற்குப் பிறகு யாரும் விசிலடிக்கவில்லை.

பரீட்சை நடந்த பள்ளிக்கு எதிரே அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று இளம் கான்ஸ்டபிள் ஒருவர் லத்தியோடு வந்தார்.

"எங்க பிள்ளை உள்ள பரீச்சை எழுதுது" என்றாள் செல்லத்தாயி.

"இத்தனை பேருக்குமா? எந்தப் பிள்ளை? பேரு என்ன?"

"சுலைகா."

அவர் அவள் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். வரிசையாக மற்ற நெற்றிகளையும் பார்த்தார். தள்ளி நின்ற ராவுத்தரைப் பார்த்தார். விளக்கம் கேட்பது போல என்னையும் பார்த்தார். 

"வெயில்ல உக்காராதீக" என்றார் கடைசியில். "அங்கன மரத்தடிக்குப் போங்க."

சுலைகா இப்போது பெரியகுளம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் பார்ப்பீர்கள். பேச்சி நர்ஸ் படிப்பு முடித்தாள். நான் எதுவும் செய்யாமல் நின்ற அந்தக் காலை நேரம்தான் என் மொத்த வேலைக்காலத்தில் எனக்குப் பிடித்த நாள்.

அன்று பரீட்சை முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சுலைகா மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சம்.

"இன்னும் போகலையா? இத்தனை பேரும் எதுக்கு உக்காந்திருக்கீக?"

செல்லத்தாயி சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னைக்கு வேலை இல்ல, உக்காந்திருந்தோம். நீ கணக்கை ஒழுங்கா போட்டியா, அதைச் சொல்லு."